கைத்துப்பாக்கி உறையைக் காப்பது எப்படி?

(மூன்றாம் ஆண்டு மாணவர், தோல் தொழில்நுட்பப் பிரிவு)



ஆண்டு மலர் என்றாலே கவிதை, காதல், கம்ப்யூட்டர் ஆகிய மூன்றும் தவறாமல் இடம் பிடித்துவிடும். தோலைப் பற்றி எழுத மட்டும் யாரும் முன்வருவதில்லை. எங்கள் வொர்க்‌ஷாப் பக்கம் வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும் நண்பர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆனால் இடுப்பில் பெல்ட், காலில் ஷூ, பாக்கெட்டில் பர்ஸ் என்று ஏதாவது ஒரு வகையில் தோலைச் சுமக்காமல் நம் கல்லூரி வாசலைத் தாண்டி வருகிறவர்கள் குறைவுதான். ஆகவே இந்த மலரில் தோல் பொருள் ஒன்றைப் பராமரிப்பது பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதலாம் என்று துணிந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது கைத்துப்பாக்கியை இடுப்பில் மாட்டும் தோல் உறை. "டேய், நமக்கும் துப்பாக்கிக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. துப்பாக்கி நமக்கு வேண்டாம்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் அதைத் தொடவும் கூடாது. ஆனால் நம்மில் பலருக்கு அப்பாவோ, மாமாவோ, சித்தப்பாவோ காவல் துறையில் இருக்கிறார்கள். பெல்ட், ஷூ, உறை மூன்றையும் துடைத்துப் பளபளப்பாக்கும் வேலை வீட்டிலே பையன்கள் தலையில்தான் விழும். அந்த வேலையை எப்படிச் செய்வது என்பது சாதாரண விஷயம் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இதில் பாதி வகுப்பிலே படித்தது. மீதி என் பெரியப்பாவிடம் கற்றது. வேலூரில் சின்னதாகத் தோல் வேலைக் கடை வைத்திருக்கிறார். பெல்ட், பை, உறை எல்லாம் தைப்பார், பழுது பார்ப்பார். லீவு விட்டால் நான் அங்கேதான். அவர் கடைக்கு ஒரு சட்டம் உண்டு: உறை மட்டும்தான் உள்ளே வரலாம், துப்பாக்கி வரக்கூடாது. அளவு பார்ப்பதற்கு ஒவ்வொரு வகைத் துப்பாக்கியின் வடிவத்திலும் மரத்தில் செதுக்கிய கட்டைகள் வைத்திருக்கிறார்.

உறை இடுப்புக்கு வந்த கதை

அதிகாரிகள் இடுப்பில் அகலமான தோல் பெல்ட்டும், தோள் மீது குறுக்காக ஒரு வாரும் அணிவதைப் பார்த்திருப்பீர்கள். இதற்கு 'சாம் பிரௌன் பெல்ட்' என்று பெயர். சாம் பிரௌன் என்பவர் அன்றைய பிரிட்டிஷ் இந்தியப் படையின் குதிரைப் படை அதிகாரி. 1858 ஆகஸ்ட் மாதம், இன்றைய உத்தரப் பிரதேசத்தில் நடந்த ஒரு சண்டையில் இடது கையை இழந்தார். ஒரு கையால் வாளையும் உறையையும் சமாளிக்க முடியவில்லை. எனவே வாளை நிலையாகத் தாங்கும்படி பெல்ட்டோடு தோள்வாரைச் சேர்த்துக்கொண்டார். அதே பெல்ட்டில் கைத்துப்பாக்கி உறையும் ஏறியது. பின்னாளில் பல நாட்டு ராணுவங்களும் போலீசும் இதை எடுத்துக்கொண்டன.

ஒரு கை உள்ளவர் உருவாக்கியது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். உறையின் இலக்கணமே அதில்தான் இருக்கிறது. ஒரு கையால் எடுக்க வேண்டும், ஒரு கையால் திரும்ப வைக்க வேண்டும், இன்னொரு கை உதவிக்கு வராது. அப்படியென்றால் உறையின் வாய் தானாகவே திறந்து விறைப்பாக நிற்க வேண்டும்.

எந்தத் தோல், ஏன்?

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். அதிலுள்ள கொலாஜன் என்னும் புரத இழைகளை வேறு ஒரு பொருளோடு பிணைத்து அழுகாமல் செய்வதற்குத்தான் பதனிடுதல் என்று பெயர். இதில் முக்கியமாக இரண்டு வழி.

ஒன்று, மரப்பட்டை முறை. நம் ஊர்ப்பக்கம் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல் ஒரு காலத்தில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரிலேயே கப்பல் ஏறிப் புகழ் பெற்றது. வாரக் கணக்கில் ஊறவேண்டிய முறை இது. மற்றொன்று க்ரோம் உப்பு முறை. 1884-இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் இதைச் செய்து காட்டினார். வாரக் கணக்கு நாள் கணக்காகச் சுருங்கிவிட்டது.

க்ரோம் தோல் மிருதுவானது, வளையும், நீரையும் சூட்டையும் தாங்கும். ஷூவின் மேல்பகுதிக்கும் பைக்கும் அதுதான் சரி. பட்டைத் தோல் கனமானது, விறைப்பானது. அதற்கு இன்னொரு குணமும் உண்டு. நனைத்து, ஒரு அச்சின் மேல் அழுத்தி, அப்படியே காயவிட்டால் அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கியின் உருவம் உறையின் மேல் புடைத்துத் தெரிகிறதே, அது இப்படி வந்ததுதான். ஆகவே நல்ல உறைகள் பெரும்பாலும் பட்டைத் தோலில்தான் செய்யப்படுகின்றன.

இந்தக் குணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. நீரால் வந்த வடிவம் நீராலேயே போகும். சூட்டுக்கும் அது தாங்காது. நனைந்த பச்சைத் தோல் ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். பட்டைத் தோல் 70 முதல் 85 வரை தாங்கும். க்ரோம் தோல் 100 டிகிரியை ஒட்டியும் தாண்டியும் நிற்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய ஜீப்பின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டுவதுண்டு. மழையில் நனைந்த உறையை "காயட்டுமே" என்று அங்கே போட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஷூ வேறு, உறை வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் பொருள் என்றால் எண்ணெய் போட்டுப் பதமாக வைத்திருக்க வேண்டும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். ஷூவுக்கு அது சரி. கால் மடங்கும் இடத்தில் தோலும் மடங்க வேண்டும். ஆனால் உறை மடங்கவே கூடாத பொருள்.

போன வருஷம் தீபாவளி லீவில் கடையில் இருந்தபோது ஏட்டய்யா ஒருவர் வந்தார். சொந்தக் காசில் வாங்கி, பதினைந்து வருஷமாக வைத்திருந்த உறை. வாய் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. "ரெண்டு தையல் போட்டுக் குடுங்க அண்ணே, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தேங்காய் எண்ணெய் தடவிப் பொன்னு மாதிரி வச்சிருக்கேன்" என்றார். உண்மைதான், கருகருவென்று மின்னியது. கையில் எடுத்தால் நமத்துப்போன அப்பளம் மாதிரி துவண்டது.

பெரியப்பா பதில் ஒன்றும் பேசவில்லை. உறையைப் பெல்ட்டில் மாட்டி, மரக்கட்டையை அதில் செருகிக் காட்டினார். முதல் தடவை சரியாகப் போனது. இரண்டாம் தடவையும் போனது. மூன்றாம் தடவை, துவண்ட வாய் ஓரம் உள்பக்கமாக மடிந்து, விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குள் விரல் மாதிரி நுழைந்தது. கட்டையை மேலும் அழுத்தினால் அந்த மடிப்பு நேராக விசை இருக்கும் இடத்தில்தான் போய் முட்டியது.

"ஏட்டய்யா, இதுக்கு நான் தையல் போட மாட்டேன்" என்றார் பெரியப்பா.

ஏட்டய்யா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதை இடுப்பில கட்டிக்கிட்டுத்தான்யா பேரப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சியிருக்கேன்" என்றார். அப்புறம் அவரே கத்தரிக்கோலை வாங்கி, வேறு யார் கையிலும் போய்விடக் கூடாது என்று உறையை இரண்டாக வெட்டிப் போட்டார்.

இதன் பின்னால் உள்ள கணக்கு எளிது. க்ளாக் வகைப் பிஸ்டலில் விரலால் போடும் தனிப் பூட்டு வெளியே கிடையாது. பாதுகாப்பு அமைப்புகள் விசையிலும் உள்ளேயும்தான் இருக்கின்றன. விசையைச் சுமார் 2.5 கிலோ விசையோடு இழுத்தால் சுட்டுவிடும். இழுப்பது விரலா, தோல் மடிப்பா என்று அதற்குத் தெரியாது. சுத்தியல் பின்னிழுக்காத நிலையில் பழைய ரிவால்வருக்கு அதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விசை வேண்டும். ஆனாலும் உறைக்குள் ஓங்கிச் செருகும் கைக்கு அந்த பலம் உண்டு. அந்த நேரத்தில் குழலின் வாய் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும்? சொந்தத் தொடையையும் பாதத்தையும்தான். உறை துவண்டு போனதால் துப்பாக்கி வெடித்துக் காயம்பட்ட சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே உறையைப் பராமரிப்பது என்பது அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

சுத்தம் செய்யும் முறை

படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முதலில் துப்பாக்கியும் தோட்டாக்களும் வெளியே போக வேண்டும். அதை எடுத்து, காலி செய்து, பூட்டி வைப்பது உரிமையுள்ளவரின் வேலை. வெறும் உறை கைக்கு வந்த பிறகுதான் நம் வேலை ஆரம்பம். வேலை நடக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக்கூடாது.

2. உலர்ந்த பிரஷ். உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுங்கள். அடியிலிருந்து மணலும் தூசியும் கொட்டும். பழைய டூத் பிரஷ் கொண்டு தையல் வரியையும் மூலைகளையும் தேய்த்து எடுங்கள். உள்ளே தங்கிய மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்து, துப்பாக்கியின் மேல்பூச்சைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிவிடும். குச்சியில் துணியைச் சுற்றி உள்பக்கத்தையும் துடைக்க வேண்டும். உள்ளே மெல்லிய ரோமம் போன்ற லைனிங் வைத்த உறையில் மணல் இன்னும் நன்றாக ஒளிந்துகொள்ளும்.

3. ஈரத் துணி. பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்து, சொட்டு நீர் இல்லாமல் பிழிந்து, மேல்பக்கம் முழுவதும் ஒரே சீராகத் துடையுங்கள். கறை உள்ள இடத்தை மட்டும் நனைத்தால் காய்ந்த பிறகு வளையம் தெரியும். வியர்வை உப்பு இந்த ஒரு துடைப்பிலேயே பெரும்பாலும் போய்விடும். இடுப்பை ஒட்டியிருக்கும் பின்பக்கத்தை மறக்காதீர்கள், வியர்வை தங்குவது அங்கேதான்.

4. சோப்பு, தேவைப்பட்டால் மட்டும். அழுக்கு ஏறிப் பிசுபிசுப்பாக இருந்தால், குதிரைச் சேணத்துக்கென்று விற்கும் 'சேடில் சோப்'பை ஈரத் துணியில் கொஞ்சம் எடுத்து, நுரைத்துத் துடைத்து, உடனே வேறு ஈரத் துணியால் நுரையை எடுத்துவிட வேண்டும். துணி துவைக்கும் பவுடர் கூடவே கூடாது. பதனிட்ட தோல் அமிலத் தன்மை உள்ளது, பி.எச். சுமார் 4. துவைக்கும் பவுடர் காரத் தன்மை உள்ளது, பி.எச். 10-ஐ ஒட்டி இருக்கும். காரம் ஏறினால் டானின் பிணைப்பு கெட்டு, நிறம் கறுத்து, தோல் வெடிக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாம் தோலுக்குள் இருக்கும் நல்ல கொழுப்பையும் சேர்த்து உரித்துவிடும். தையலுக்கடியில் உள்ள பசையும் விட்டுவிடும்.

5. நிழலில் காயவிடுதல். வாயைக் கையால் திருத்தி வடிவம் கொடுத்து, காற்று ஓடும் இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். ஃபேன் போடலாம். வெயில், அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் ஆகாது. ஷூவுக்குள் திணிப்பது மாதிரி பேப்பரைத் திணித்தால் உறையின் வடிவம் பிதுங்கிவிடும்.

6. பித்தளை டிச் பட்டன். ஒரு தபால் கார்டில் பட்டன் அளவுக்கு ஓட்டை போட்டு, பட்டனை அதன் வழியாக வெளியே எடுத்து, கார்டைத் தோல் மேல் வைத்துக்கொண்டு பாலிஷ் போடுங்கள். என்.சி.சி. மாணவர்களுக்கு இந்த வித்தை தெரியும். புளி போட்டுத் தேய்க்கும் வீட்டு வைத்தியம் குத்துவிளக்குக்குச் சரி, உறைக்கு வேண்டாம்.

இரும்பு நார் கொண்டு எதையும் தேய்க்காதீர்கள். பட்டைத் தோலில் உள்ள டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு இரும்புச் சத்தைச் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா, அதே வேதியியல்தான். எழுத்து அழியாத மாதிரி இந்தக் கறையும் போகாது.

எண்ணெயா, மெழுகா?

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழியை உறைக் கடை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்பார் பெரியப்பா.

தோல் செய்யும்போதே தேவையான கொழுப்பை உள்ளே ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். மேற்கொண்டு நாம் ஊற்றும் எண்ணெய் இழைகளுக்கு நடுவே புகுந்து ஒன்றையொன்று வழுக்கச் செய்கிறது. அதனால்தான் துவளுகிறது. மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் 'நீட்ஸ்ஃபுட்' எண்ணெய் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும் அருமையான மருந்து. வளைய வேண்டியவை அவை. அதையே உறைக்கு ஊற்றினால் வாய் தொங்கிவிடும். தேங்காய் எண்ணெயும் துவளத்தான் வைக்கும், மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். நல்லெண்ணெய் நாளாக நாளாகக் காற்றில் பிசினாகித் தூசியை இழுக்கும்.

ஏறிய எண்ணெயை முழுமையாகத் திரும்ப எடுக்க வழி இல்லை. மக்காச்சோள மாவைத் தூவி ஒரு நாள் வைத்து உதறினால் மேல் எண்ணெய் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன போடலாம்? நிறமில்லாத மெழுகு பாலிஷ், அதாவது 'நியூட்ரல்' என்று டப்பாவில் எழுதியிருப்பது. பட்டாணி அளவு போதும். மேல்பக்கம் மட்டும் மெல்லியதாகப் பூசி, பத்து நிமிஷம் கழித்துத் துணியால் தேய்த்து மினுக்குங்கள். தேன்மெழுகு கலந்தது இன்னும் நல்லது. மெழுகு மேலேயே தங்கி நீரைத் தடுக்கும், உள்ளே போய்த் துவள வைக்காது. உள்பக்கத்துக்கு எந்தப் பூச்சும் கூடாது. அங்கே பூசியது எல்லாம் துப்பாக்கியின் மேல்தான் ஏறும்.

எண்ணெய் இன்னொரு வழியாகவும் திருட்டுத்தனமாக வரும். துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்! மேலே எண்ணெய் சொட்டச் சொட்ட உறையில் செருகினால் தோல் அத்தனையையும் குடித்துவிடும். செருகும் முன் துப்பாக்கியை நன்கு துடைத்துவிடச் சொல்லுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்றால், உலர்ந்த பிரஷும் துணியும் வாரம் ஒரு தடவை. மெழுகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. சோப்பு வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்படாது.

மழைக்காலமும் பூஞ்சணமும்

ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பந்தோபஸ்து நின்றவரின் உறை நனையாமல் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைத் தனியே எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, மேலே சொன்ன மாதிரி நிழலில் காயவிட வேண்டும். நனைந்த உறை களிமண் மாதிரி. அந்த நேரத்தில் அதன் மேல் எதையாவது வைத்து நசுக்கினால் அந்த வடிவத்திலேயே காய்ந்துவிடும்.

ஈரத்தோடு பீரோவில் வைத்தால் ஒரு வாரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூஞ்சணம் பிடிக்கும். அதை வீட்டுக்குள் தட்டக் கூடாது, அதன் விதைத்தூள் மற்ற தோல் பொருளிலும் மூச்சிலும் போய் உட்காரும். வெளியே எடுத்துச் சென்று, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, பிரஷால் தட்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொபைல் ஸ்பிரிட்டில் சம அளவு தண்ணீர் கலந்து துணியால் துடைக்க வேண்டும். சாயம் போகிறதா என்று முதலில் பின்பக்க மூலையில் சோதித்துப் பாருங்கள். துடைத்ததும் முழுதாகக் காயவிடுங்கள்.

சேமித்து வைக்கத் துணிப்பைதான் ஏற்றது. பிளாஸ்டிக் கவர் போட்டால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி ஆகும். புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் இங்கே பயன்படுத்தலாம்.

உறை வீடு அல்ல

வேலை முடிந்ததும் துப்பாக்கியை உறையோடு அப்படியே பெட்டியில் வைத்துவிடுவது பலருக்குப் பழக்கம். இது இரண்டுக்கும் கேடு. தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அதில் பதனிட்ட அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும். நாள் கணக்கில் ஒட்டிக் கிடந்தால் எஃகின் கருநீலப் பூச்சு கலைந்து, உறையின் வடிவத்திலேயே துரு படரும்.

பித்தளைத் தோட்டாக்களைத் தோல் பெல்ட்டின் வளையங்களில் மாதக் கணக்கில் விட்டால் பச்சைக் களிம்பு ஏறும். செம்பு கலந்த உலோகத்தோடு தோலின் கொழுப்பு அமிலங்களும் டானினும் சேர்ந்து செய்யும் வேலை அது. களிம்பேறிய தோட்டா அறைக்குள் சிக்கிக்கொள்ளும், உயிர் போகிற நேரத்தில் வெளியே வராது. ஆக, உறை என்பது சுமந்து போவதற்கு மட்டும்தான். தங்குவதற்கு வேறு இடம் வேண்டும்.

புது உறை இறுக்கமாக இருந்தால்

புது உறை இறுகத்தான் இருக்கும், அது நல்லதற்கே. அவசரப்பட்டு எண்ணெய் போட்டு இளக்காதீர்கள். காலி செய்து சரிபார்த்த துப்பாக்கியை மெல்லிய பிளாஸ்டிக் கவரில் சுற்றி, உறையில் செருகி ஓர் இரவு வைத்து எடுத்தால் கவரின் கனத்துக்குத் தோல் விரிந்து கொடுக்கும். இதைச் செய்ய வேண்டியவர் உரிமையுள்ளவர், நாம் அல்ல. எங்கள் கடையில் என்றால் மரக்கட்டையிலேயே இந்த வேலை முடிந்துவிடும்.

ஒரு துப்பாக்கிக்குச் செய்த உறையில் வேறு துப்பாக்கியைத் திணிப்பதும் தவறு. ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பது பழமொழி. ஒரே உறையில் இரண்டு அளவுத் துப்பாக்கியும் மாறி மாறி இருக்காது. பெரியது போய் விரித்துவிட்டால் சின்னது ஓடும்போது விழும்.

எப்போது விடை கொடுப்பது?

மாதம் ஒரு முறை வெறும் உறையைக் கையில் எடுத்து ஐந்து விஷயங்களைப் பாருங்கள்.

வாயைக் கட்டை விரலால் அழுத்திவிட்டால் திரும்ப நிமிர்கிறதா?

வாயின் எந்த ஓரமாவது உள்பக்கம் சாய்ந்து, விசை வந்து நிற்கும் இடத்தை நோக்கி இருக்கிறதா?

தையல் எங்காவது விட்டிருக்கிறதா? ஒரு தையல் விட்டால் அடுத்தது சீக்கிரமே விடும்.

டிச் பட்டனும் பெல்ட் மாட்டும் பட்டையும் இறுக்கமாக இருக்கின்றனவா?

விரலால் தேய்த்தால் செம்மண் மாதிரி பொடி உதிர்கிறதா?

தையலும் பட்டனும் கெட்டால் பழுது பார்க்கலாம். வாய் துவண்டிருந்தால், அல்லது தோல் பொடியாக உதிர ஆரம்பித்தால், மருந்து கிடையாது. பழைய பட்டைத் தோல் காற்றிலுள்ள கந்தக அமிலத்தால் இழை இழையாக அரிக்கப்பட்டுப் பொடியாவது தோல் படிப்பவர்களுக்குத் தெரிந்த நோய். எண்ணெய் போட்டால் அது மீளாது. அப்படிப்பட்ட உறை அரசு வழங்கியது என்றால் ஸ்டோரில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். சொந்த உறை என்றால் ஏட்டய்யா செய்தது போல வெட்டிப் போடுவதே நல்லது. பழையது என்று இன்னொருவருக்குத் தானம் கொடுக்கக் கூடாத பொருள் இது.

"இப்போதுதான் பிளாஸ்டிக் உறை வந்துவிட்டதே, தோலுக்கு என்ன வேலை?" என்று கெமிக்கல் பிரிவு நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் உறை துவளாது, நீர் குடிக்காது, பூஞ்சணம் பிடிக்காது. பல இடங்களில் அதற்கு மாறிவிட்டார்கள். ஆனால் தோல் உறை சத்தம் போடாது, உடம்போடு ஒட்டி உட்காரும், இன்னும் எத்தனையோ இடுப்புகளில் இருக்கிறது. இருக்கும் வரை அதைச் சரியாக வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

உறையே வீட்டில் இல்லாதவர்களுக்கும் இந்தக் கட்டுரை வீண் இல்லை. சிவில் பிரிவு சர்வே லேபில் பழைய கருவிகளின் தோல் பெட்டி இருந்தால் போய்ப் பாருங்கள். என்.சி.சி. அறையில் பெல்ட்டுகள் இருக்கும். ஹாஸ்டலில் உங்கள் ஷூவே கட்டிலுக்கடியில் பூஞ்சணம் பூத்துக் கிடக்கும். எண்ணெய்ப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்னால், "இது வளைய வேண்டிய பொருளா, விறைப்பாக நிற்க வேண்டிய பொருளா?" என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பாதிப் பராமரிப்பு அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

வீட்டில் காக்கிச் சட்டை அணிபவர் யாராவது இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவருடைய வெறும் உறையை வாங்கி அந்த ஐந்து விஷயங்களையும் ஒரு தடவை பாருங்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. சந்தேகம் இருந்தால் எங்கள் பிரிவுக்கு உறையை மட்டும் எடுத்து வாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, பார்த்துச் சொல்கிறோம்.